பதிவேட்டில் ஏறாத நோய்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளின் வெள்ளைப்பாடு

கர்ப்ப காலத்தில் அரிப்போடும் எரிச்சலோடும் தயிர்த்திரள் போல வெளிப்படும் வெள்ளைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் அது ஏற்கெனவே சத்தமில்லாமல் குடியிருக்கிறது. கரு தங்கியதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு பல மடங்கு உயர்கிறது. யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு கூடுகிறது. கருவைப் பொறுத்துக்கொள்ளும் வகையில் தாயின் நோய் எதிர்ப்பும் சற்றுத் தளர்கிறது. மூன்றும் பூஞ்சைக்குச் சாதகம். நோய் உயிரை எடுப்பதில்லை. தூக்கத்தையும் நடையையும் கெடுக்கும்; பிரசவத்தின்போது பிள்ளையின் வாய்க்குத் தொற்றி நாக்கில் வெண்படலமாகப் படியும். மலாயாத் தோட்டங்களைப் பற்றிய மருத்துவ ஆண்டறிக்கைகளை நிரப்பியவை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் சாவு விகிதமும். ஆளைக் கொல்லாத, ஆணிடம் சொல்லவும் கூசுகிற ஒரு நோய்க்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆகவே அதன் வரலாற்றைப் புட்டிமருந்துகளிலிருந்தும், தண்ணீர், துணி, வேலைநேரம் ஆகியவற்றிலிருந்தும், அதைச் சொல்லிக்கொள்ள யார் கிடைத்தார்கள் என்பதிலிருந்தும்தான் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிள்ளான் மாவட்டத்துக்குத் தமிழர் முதலில் வந்தது காப்பித் தோட்டங்களுக்கு. 1890களின் இறுதியில் காப்பி விலை சரிந்ததும் அதே நிலத்தில் ரப்பர் ஏறியது. கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையோடு இணைத்த ரயில்பாதை 1886இல் திறக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேப் பட்டறைகளும் குடியிருப்புகளும் வந்தபின் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் கலந்து வாழும் பேட்டையாயிற்று. இந்த இடங்களிலெல்லாம் பெண்கள் வெகு குறைவு. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு 200 பெண்கள்கூட இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டு, கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் முறை மேலோங்கியது. 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டிய விதிகள், ஆண்களோடு குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் வரவேண்டும் என்றன. 1931இல் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 480 பெண்கள். குடும்பங்கள் வந்தபிறகுதான் பிள்ளைப்பேறு என்பது தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் பட்டது.

அதற்கு முன் கவலையெல்லாம் ஆள் பிழைத்திருப்பதே. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் மலேரியாவை அடக்கிக் காட்டினார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலை. தோட்டங்களில் நிலைமை வேறு. 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 60ஐத் தாண்டியது. மலேரியாவும் இரத்தசோகையும் பீடித்த கர்ப்பிணிக்குக் கரு கலைவதும் பிள்ளை செத்துப் பிறப்பதும் வாடிக்கை. காய்ச்சலில் கிடப்பவள் அரிப்பைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வாள்?

சொன்னால் மருத்துவச்சியிடம் சொன்னாள். லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் பிரசவம் பார்த்தவர்கள் ஊரிலிருந்து கைப்பழக்கத்தோடு வந்த மூத்த பெண்கள். அவர்களுடைய கணக்கில் வெள்ளைப்பாடு என்பது சூடு. உடம்பில் உஷ்ணம் ஏறினால் வெள்ளை படும். அதைத் தணிக்க இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், சோற்றுக்கற்றாழைச் சோறு, நன்னாரி ஊறல். வெளியே கழுவ வேப்பிலை அவித்த நீர், மஞ்சள் நீர், படிகாரம் கரைத்த நீர், கடுக்காய்க் கஷாயம். பெண்ணின் நெருங்கிய உறவுக்காரிதான் கழுவிவிடுவாள். ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. சூடு என்ற விளக்கம் தவறு. ஆனால் அதிலிருந்து கிளம்பிய அறிவுரையில் பாதி நல்லது. இனிப்பைக் குறை, ஈரத்தோடு நிற்காதே, தளர்வாக உடுத்து என்று இன்றைய தாதியும் சொல்கிறார். கெட்ட பாதி, உள்ளே கழுவுவது. யோனியில் வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பூஞ்சையை அடக்கி வைக்கின்றன. உள்ளே கஷாயத்தை ஊற்றி அலசினால் காவலும் சேர்ந்து போய்விடும்.

தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், பீடான் எனப்பட்ட மருத்துவச்சிகளும் இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் கையில் வெற்றிலை அவித்த நீரும் மஞ்சாக்கானியும் இருந்தன. மஞ்சாக்கானி என்று மலாய்க்காரர் சொல்வது தமிழர் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வசம்போடும் சாதிக்காயோடும் வைத்திருந்த மாசிக்காயேதான்: கருவாலி மர வகையொன்றில் குளவி முட்டையிட்ட இடத்தில் புடைத்து எழும், டானின் நிறைந்த துவர்ப்புக் காய். மலாய்ப் பெண்கள் அதைப் பேறுகாலத்துக்குப் பின் தாய்க்குப் பயன்படுத்தினர். தமிழ்ப் பெண்கள் உரைமருந்தாகக் கல்லில் இழைத்துப் பிள்ளை நாக்கில் தடவினர். ஆய்வகத் தட்டில் மாசிக்காய்ச் சாறும் வெற்றிலைச் சாறும் கேண்டிடாவின் வளர்ச்சியைத் தடுப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தட்டில் நடப்பது கர்ப்பிணியின் உடம்பிலும் நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

பிள்ளையின் வாயில் படியும் வெள்ளைக்கு வெங்காரம். வெங்காரக் கட்டியை இரும்புச் சட்டியில் போட்டுச் சூடேற்றினால் அது குமிழ்விட்டு உப்பி, நீர் வற்றி, வெள்ளைப் பொடியாகப் பொரியும். அதைத் தேனில் குழைத்து விரலில் துணியைச் சுற்றி நாக்கில் தடவுவார்கள். தாழ்வாரத்தில் ஒரு கிழவி செய்துகொண்டிருந்த இந்த மருந்து, அதே காலத்தில் பிரிட்டிஷ் மருந்தேட்டிலும் இருந்தது. தேனும் போராக்ஸும் கலந்த அதே கலவையை ஆங்கிலேயத் தாய்மாரும் பிள்ளைகளின் வாயில் தடவினர். இரண்டு மரபும் ஒரே மருந்தில் வந்து நின்றதைப் பார்த்து மெச்சுவதற்கில்லை. வெங்காரத்தின் போரான் சேர்மம் சிசுவுக்கு நஞ்சு; தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்பதால் ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்பது இன்றைய விதி. இரண்டையும் ஒருசேரக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

மருந்தைவிட முக்கியமானது வேலை. பால்மரம் சீவும் பெண்ணின் நாள் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் தொடங்கும். பனி நனைந்த புல்லில் நிரை என்னும் மரவரிசையைப் பிடித்து நடக்கும்போதே கைலியின் கீழ்ப்பாதி ஈரமாகிவிடும். மழை பெய்தால் மேலும் ஈரம்; வியர்வை; வாளி தளும்பிச் சிந்திய பால் துணியில் ஊறி விறைத்துப்போகும். வெட்டு முடிந்து, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்வரை அதே துணிதான். காட்டில் மறைவிடம் கிடையாது. தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரை அடக்கி நிற்பதே பழக்கம். கிள்ளானின் கடலோரத் தாழ்நிலத்தில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் குறையாது. இடுப்புக்குக் கீழே சூடும் ஈரமும் காற்றுப் புகாமையும் மணிக்கணக்கில் நீடித்தால் கேண்டிடா கேட்கவா வேண்டும்? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடைகள் உராய்ந்து தோல் பெயர்ந்திருக்கும்போது இது இரட்டை வேதனை.

வீட்டிலும் விடுதலை இல்லை. நீண்ட லயத்தின் அறைகளில் தனிக் குளியலறை கிடையாது. பொதுக் குழாயடியிலோ கிணற்றடியிலோ ஆற்றிலோ மார்போடு கட்டிய கைலியோடு குளித்து, அதே ஈரத்தோடு வந்து அரைகுறையாகத் துவட்டி மாற்ற வேண்டும். பழைய சேலையைக் கிழித்து மடித்த தீட்டுத் துணியும் வெள்ளைப்பாட்டுக்கு வைக்கும் துணியும் ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஆகவே அவை வெயிலில் காய்ந்ததில்லை. மற்றத் துணிகளுக்கு அடியிலோ கூரைச் செருகலிலோ அரை ஈரமாகக் கிடந்தன. நல்ல வெயிலில் காயப்போட்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். நாணம் அதற்கு இடம் தரவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவர் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வருபவர். அன்றாடம் ஆண்டவர் டிரெசர் என்னும் மருத்துவ உதவியாளர். யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்த அந்த ஆண், கொயினா மிக்சரும் பேதி உப்பும் அயோடினும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அவரைக் குறை சொல்வது எளிது. அவரில்லாவிட்டால் பல தோட்டங்களில் எவருமில்லை. ஆனால் இந்த நோயில் அவர் கை ஓங்கவில்லை. அவருக்கு முன் பெண் வாய் திறக்கமாட்டாள். ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லி, ஆயா அவரிடம் சொல்லி, மருந்து புட்டியில் வரும். பரிசோதனை கிடையாது. மேகவெட்டையும், டிரைகோமோனாஸ் தொற்றும், பூஞ்சையும், கர்ப்பத்தில் இயல்பாகவே கூடும் நீரும் எல்லாம் ஒரே ‘வெள்ளை’. நுண்ணோக்கி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க வழியுமில்லை. போதாததற்கு, வெட்டை என்ற சந்தேகம் விழுந்தால் பெண்ணின் நடத்தையில் பழி. கணவன் கொண்டுவந்த நோயானாலும் பேச்சு வாங்குபவள் அவள். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் பேசாமல் இருந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

அந்தக் காலத்து மருந்துகள்: பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்பு நீர், படிகார நீர், போரிக் அமிலம். எல்லாமே கழுவுநீர்கள். இவற்றுக்கு மேலே ஒருபடியாக 1920களில் வந்தது ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயம். துணிக்கு நிறமேற்ற 1861இல் பிரான்சில் செய்யப்பட்டது. கிருமிகளை அடக்கும் அதன் திறத்தை அமெரிக்காவின் ஜான் சர்ச்மன் 1912இல் காட்டினார். நீரில் நூற்றுக்கு ஒரு பங்கு கரைத்துப் பஞ்சில் நனைத்துத் தடவினால் பூஞ்சை அடங்கும். தாய்க்கும் தடவலாம், மேலும் நீர்க்கச் செய்து பிள்ளை வாயிலும் தடவலாம், மலிவு, கெட்டுப்போகாது. குறை என்னவென்றால் பட்ட இடமெல்லாம் ஊதா. கைலியில் ஊதாக்கறையோடு பொதுக் குழாயடிக்குப் போகும் பெண்ணின் நோய் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அரை நூற்றாண்டுக்கும் மேல் சளைக்காமல் பயன்பட்ட இந்தச் சாயத்துக்குப் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கனடா அரசு 2019இல் எச்சரித்தது.

பூஞ்சைக்கே பெயர் நிலைக்கப் பல காலம் பிடித்தது. குழந்தைகளின் வாய்வெள்ளையைப் பண்டைக் கிரேக்கர் குறித்து வைத்திருந்தாலும், அதில் ஒரு பூஞ்சை இருப்பதை பெர்ன்ஹார்ட் லாங்கன்பெக் 1839இல்தான் கண்டார். யோனியிலும் அதே பூஞ்சை உண்டு என்று 1849இல் ஜே. எஸ். வில்கின்சன் எழுதினார். 1853இல் சார்ல்ஸ் ராபின் ஒரு பெயர் வைத்தார். பிறகு அது மோனிலியா ஆயிற்று. 1923இல் டச்சுப் பெண் ஆய்வாளர் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் கேண்டிடா என்ற பேரினத்தை நிறுவினார். மோனிலியா என்ற பழைய சொல் மருத்துவர்கள் வாயில் அதன் பிறகும் பல ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது.

பெர்க்ஹவுட் பெயர் வைத்த அதே 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்ட ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, மகப்பேற்றுப் படி ஆகியவை சட்டக் கடமைகளாயின. எழுத்தில் இருந்ததெல்லாம் லயத்துக்கு வந்துசேரவில்லை. இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார், வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1936இன் இறுதியில் வந்து தொழிலாளர் நிலையைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தார். பேறுகால ஓய்வு இந்த நோய்க்கு நேர் மருந்தில்லை. என்றாலும் கடைசி மாதத்தில் நனைந்த கைலியோடு நிரை பிடிக்காமல் வீட்டில் இருக்க முடிந்த பெண்ணுக்கு எந்தக் கழுவுநீரும் கொடுக்காத சுகம் கிடைத்திருக்கும். பெண்கள் இந்த நோயைப் பற்றிப் பேசிய பதிவு இல்லை. ஆனால் 1941 ஏப்ரல், மே மாதங்களில் ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், ஊதிய உயர்வோடும் பெண்களிடம் வெள்ளை, கறுப்பு அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதோடும், தகுந்த மருத்துவ வசதி வேண்டும் என்பதும் இருந்தது. படையை இறக்கி அந்தப் போராட்டம் நசுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பென்சிலின் ஊசி வந்தது, பின்னே டெட்ராசைக்ளின். பிரசவக் காய்ச்சல் அடங்கியது. ஆனால் இந்த மருந்துகள் பாக்டீரியாவைக் கொன்று பூஞ்சைக்கு இடம் திறந்துவிட்டன. எதிர்பாராத இந்த விளைவை 1950களின் தொடக்கத்திலேயே மருத்துவ உலகம் கண்டுகொண்டது. மாற்றுமருந்தும் அதே நேரத்தில் கிடைத்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும், ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தபடி, மண் மாதிரிகளிலிருந்து எடுத்த சாறுகளைத் தபாலில் அனுப்பிச் சோதித்து, வர்ஜீனியாவின் ஒரு பால்பண்ணை மண்ணிலிருந்து 1950இல் நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார்கள். குடலில் உறிஞ்சப்படாத மருந்து; யோனியில் வைத்தாலும் இரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை. கர்ப்பிணியின் பூஞ்சைத் தொற்றுக்கு, குறிவைத்து அடிக்கும் முதல் மருந்து அதுவே. இரவுதோறும் ஒரு மாத்திரை வீதம் 14 நாள் வைக்க வேண்டும். பெர்மாங்கனேட் நீரின் காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் உடனே முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் நிர்வாகம். 1950களின் பிற்பாதியில் மலாயா அரசு கட்டிய கிராமச் சுகாதாரச் சேவை, நாட்டுப்புறமெங்கும் மருத்துவச்சி நிலையங்களையும் தாய்சேய் கிளினிக்குகளையும் திறந்தது. தாய்மார் சாவை மலேசியாவும் இலங்கையும் குறைத்த வேகத்தை உலக வங்கி 2003இல் தனி நூலாகவே எழுதிப் பாராட்டியது. தோட்டங்கள் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று அந்த வலை தோட்ட வாயிலோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. டிரெசர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் சட்டம் வந்தது. மருத்துவச்சிகளைப் பதிவுசெய்ய 1966இல் மருத்துவச்சிகள் சட்டம். கைப்பழக்க மருத்துவச்சிகளையும் ஒரு பகுதியாகப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்டத்தின் நிதானம் பாராட்டத்தக்கது. அவர்களைத் துரத்தியிருந்தால் பெண்கள் மறைவாகப் போய் அவர்களிடமே நின்றிருப்பார்கள். 1955இன் வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பைத் தந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பெண்ணுக்கு இதே காலம் சற்று முன்னதாகவே விடிந்தது. ரயில்வேக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் வந்தது. பட்டணத்தில் தாய்சேய் கிளினிக்கும் பெரிய ஆஸ்பத்திரியும் தனியார் கிளினிக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. பெண் மருத்துவரும் கிடைத்தார். மிசி என்று எல்லாரும் அழைத்த தாதி வீடு தேடி வந்து, பச்சைப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, தாயிடம் தமிழில் அரிப்பு இருக்கிறதா என்று தாமே கேட்டார். இந்த நோயின் வரலாற்றில் ஒரு திருப்பம் உண்டென்றால் அது இந்தக் கேள்விதான். நிஸ்டாட்டின் எவ்வளவு நல்ல மருந்தானாலும், நோயைச் சொல்லாதவளுக்கு அதை எழுதிக்கொடுக்க ஆளில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் கேள்வி கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1973இல் பேயர் நிறுவனம் குளோட்ரிமசோலைக் கனெஸ்டன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 14 நாள் ஏழாகக் குறைந்தது, கறை இல்லை, களிம்பும் யோனி மாத்திரையும் மருந்துக்கடையில் கிடைத்தன. அப்போதே பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியிருந்தன. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா. பின்னாளில் பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா. லயத்துப் பெண்களின் மகள்கள் சுங்கை வேயில் 1972இல் திறந்த சுதந்திர வர்த்தக வலயம் போன்ற இடங்களின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நனைந்த கைலி போய், காற்றுப் புகாத செயற்கைநூல் கால்சட்டையும் இறுக்கமான உள்ளாடையும் வந்தன. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கும் ஷிப்டு வேலையும் வந்தது. தோட்டத்தில் எஞ்சியவர்களின் குடியிருப்புக்கும் தண்ணீருக்கும் குறைந்தபட்ச அளவு வைத்த சட்டம் 1990இல் வந்தபோது, வாழ அங்கே பலர் இல்லை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985இல் திறந்த பிறகு தோட்டத்துப் பிரசவங்கள் மெல்ல மெல்லப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயின.

இப்போது நோயின் முதற்காரணம் இடம் மாறிவிட்டது. ஈரத்தின் இடத்தில் சீனி உட்கார்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4 பேருக்கு. கர்ப்பகால இனிப்புநீரும் இந்தியப் பெண்களிடம் அதிகம். இரத்தத்தில் சீனி கூடினால் சிறுநீரிலும் யோனிக் கசிவிலும் கூடும். பூஞ்சை அதை உண்டு பெருகும். அதனால்தான் மருந்து வைத்தும் திரும்பத் திரும்ப வெள்ளை படும் கர்ப்பிணியிடம் மருத்துவர் முதலில் கேட்பது சீனித் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையைப் பற்றித்தான். சிலாங்கூரின் செர்டாங் மருத்துவமனையில் கர்ப்பிணிகளிடம் எடுத்த 1163 யோனி மாதிரிகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, அவற்றில் நூற்றுக்கு 17இல் கேண்டிடா இருந்ததைக் கண்டது. பெரும்பான்மை கேண்டிடா அல்பிகன்ஸ். அடுத்தபடி கேண்டிடா கிளாப்ராட்டா. பின்னது வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் பணியாத வகை. இஷ்டத்துக்கு மருந்து வாங்கி வைப்பதில் உள்ள ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்றைய நடைமுறை இது. அரசு கிளினிக்கில் பதிந்த பெண்ணிடம் இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகம் இருக்கும்; அவளுடைய நிலைமைக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி ஒட்டப்படும். அரிப்பில்லாத, நாற்றமில்லாத, பால்நிற மெல்லிய கசிவு கர்ப்பத்தில் இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம். அரிப்பும் தயிர்த்திரளும் இருந்தால் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். மஞ்சள், பச்சை நிறமோ மீன்வாடையோ இருந்தால் அது வேறு தொற்று. சிகிச்சை குளோட்ரிமசோல் போன்ற யோனி மாத்திரையோ களிம்போ, ஏழு நாள். அரிப்பு இரண்டாம் நாளே அடங்கினாலும் ஏழையும் முடிக்க வேண்டும். மாத்திரையை விரலால் மென்மையாக வைப்பது நல்லது. செருகியைப் பயன்படுத்தினால் அழுத்தக் கூடாது. கணவனுக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் அவனுக்கும் களிம்பு. வாயால் விழுங்கும் புளூகனசோலை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் காணப்பட்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது; குறைந்த அளவிலும் கருச்சிதைவோடு தொடர்பு இருக்கலாம் என்று டென்மார்க் ஆய்வொன்று 2016இல் சொன்னது. ஆகவே கர்ப்பத்தில் அதைத் தவிர்ப்பார்கள்.

தடுப்பு முறைகளில் புதிதாக ஒன்றும் இல்லை. பருத்தி உள்ளாடை, நனைந்தால் உடனே மாற்றுவது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, வாசனைச் சோப்பையும் உள்ளே அலசுவதையும் விடுவது, துணியை வெயிலில் காயப்போடுவது, சீனியைக் கட்டுக்குள் வைப்பது. தயிர் சாப்பிடுவது நல்லது. தடவுவது மருந்தென்று நிரூபிக்கப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள நாட்டுமருந்துக் கடைகளில் மாசிக்காயும் வெங்காரமும் படிகாரமும் இன்னும் கேட்டால் கிடைக்கும். கர்ப்பிணியும் பச்சைப்பிள்ளையும் உள்ள வீட்டில் அவற்றைத் தொட வேண்டாம். 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். வேலைக்குப் போகும் பெண்கள் அதை முழுதாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.